சோதனைக் குரூப்பில் மூன்று பேர்

நீடாமங்கலம்
2-9-2024

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அக்கா சாவித்திரி எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை எங்கள் இருவருக்கும் குறையில்லை. நீயும் ஷைலஜாவும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை மதுவந்திக்குச் சளி விட்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் என் கையில் இல்லை. உன் அத்தானிடம் இருப்பது பட்டன் போன். விஸ்வா கூப்பிட்டால் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவான் என்று என்னுடையதைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும்போதும் பக்கத்தில் அதுதான், சாப்பிடும்போது தட்டோரத்திலும் அதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னிடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறார். உன்னிடம் மனசு விட்டு ஒரு வார்த்தை பேச வழியில்லை. டீச்சர் யாரிடமாவது போன் கேட்டால் மறுநாள் ஊரே துக்கம் விசாரிக்கும். அதனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் இங்கேயே போடு. சத்துணவு அமைப்பாளர் என்று எழுதினால் என் கைக்கு வந்துவிடும்.

விஸ்வா வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருபத்தொரு நாள். ஒரு வருஷமாகப் பரீட்சையில் பாஸாகாமல், காலேஜுக்கே போகாமல், போகிறேன் போகிறேன் என்று பஸ் ஏறியிருக்கிறான். தப்புதான். அதற்காகப் பெற்ற பிள்ளையைக் கடையில் நாலு பேர் எதிரே வைத்துக் கன்னத்தில் அறைவதா உன் அத்தான்? "என் கண்ணுல படாதே, போடா" என்றார். அவனும் படாமல் போய்விட்டான். புகார் கொடுக்கப் போனால், "இருபது வயசுப் பையன், கோவம் தணிஞ்சா தானா வருவான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நோட்டீஸ் அடிக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வையுங்கள், அவனைப் பார்த்தவர்கள் சேர்ந்து தகவல் சொல்வார்கள் என்று அச்சகத்தில் சொன்னார்கள். எந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதானே உன் கம்பெனியில் உனக்கு வேலை? ஊரார் வியாபாரத்துக்கெல்லாம் செய்கிறாய். உன் மருமகனுக்கும் செய்து கொடு.

ஒன்று கேட்கிறேன். மாமா மாமா என்று உன் பின்னாலேயே சுற்றியவன். உனக்கு அவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லையா?

உடனே பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சாவித்திரி


சென்னை
10-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன். இங்கே மூவரும் சுகம். மதுவுக்குச் சளி விட்டது, வாய்தான் விடவில்லை. உனக்கு முட்டிவலி எப்படி? அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்லாதே. கடிதம் எழுதுவது தெரிந்துவிடும்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஒரே லிங்கை எல்லா இடத்திலும் போட்டால் கூட்டம் சேரும், எங்கிருந்து வந்த கூட்டம் என்று தெரியாது. அதனால் தனித்தனியாக நான்கு குரூப். பஸ் நிலையங்களில் ஒட்டும் நோட்டீஸுக்கு ஒன்று, பேப்பருக்குள் வைத்துப் போடுவதற்கு ஒன்று, கேபிள் டிவியில் கீழே ஓடும் வரிக்கு ஒன்று, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதற்கு ஒன்று. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் போன் கேமராவைக் காட்டிச் சேர்வதற்கு அச்சடிக்கிற க்யூஆர் கட்டம் ஒவ்வொன்றிலும் வேறு. வாரம் ஒரு தடவை எந்தக் குரூப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். தினமும் முட்டை எண்ணுகிற உனக்கு இது பெரிய வேலையில்லை.

ஐந்தாவதாக 'சோதனை' என்று ஒன்று இருக்கிறது. அதில் நீயும் நானும் மட்டும்தான். எந்தச் செய்தியானாலும் முதலில் அதில் போட்டுப் பார், எழுத்து படம் எல்லாம் சரியாக இருந்தால் மற்றதில் போடு. அதன் லிங்க் என்னிடம் மட்டும் இருக்கிறது, எங்கும் அச்சடிக்கவில்லை. ஒரு ஆள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்று பார்த்தால் போதும் அக்கா, அவனை அனுப்பியது யார் என்று சொல்லிவிடலாம். பத்து வருஷமாக நான் சாப்பிடும் சோறு இதுதான்.

அழுதுகொண்டே இருக்காதே. அவன் எங்கேயாவது நன்றாகத்தான் இருப்பான்.

உன் தம்பி,
செழியன்


நீடாமங்கலம்
30-9-2024

அன்புள்ள செழியனுக்கு,

அங்கே மூவரும் நலம்தானே? இங்கே என் முட்டிவலி என்னோடுதான் இருக்கிறது. அத்தானுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி என்று சொன்னால் முறைக்கிறார்.

நீ சொன்னபடி எண்ணினேன். பேப்பர் குரூப்பில் 112 பேர், கேபிளில் 63, பஸ் நிலையத்தில் 41. ஆட்டோவில் ஒரு ஆள்கூட இல்லை. மைக்கில் போகிற போக்கில் கேட்டவர்கள் எந்தக் கட்டத்தைப் போய்ப் பார்ப்பார்கள் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை? என் தம்பி படித்த படிப்புக்கு இது போதாதா!

112 என்றதும் எனக்கு மனசு பூரித்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒருத்தர் தினமும் ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் போடுகிறார். ஒருத்தர் லோன் வேண்டுமா என்கிறார். இன்னொருத்தர், "ஐந்து ஹெச்பி மோட்டார் எரிஞ்சிடிச்சு, கடை எத்தனை மணிக்குத் தொறப்பீங்க" என்று கேட்கிறார். கேபிள் குரூப்பில் ஒரு அம்மா, மன்னார்குடி பரோட்டாக் கடையில் மாவு பிசைவது நம் பையன்தான் என்று அடித்துச் சொன்னாள். அத்தான் சாப்பாட்டில் கையை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடினார். யாரோ பெற்ற பிள்ளை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

வெள்ளிக்கிழமை கடை லீவு. அன்று முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். ஒரு கட்டு நோட்டீஸ், ஒரு டப்பா மைதாப் பசை, என் போன், சட்டைப் பையில் மோட்டாருக்குப் பேர் எழுதுகிற கறுப்பு மார்க்கர். கும்பகோணம், திருவாரூர், வேதாரண்யம் வரைக்கும் போய் ஒட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில்தான் திரும்புகிறார். எனக்கு ஒரு கட்டளை வேறு. "வெள்ளிக்கெழம நீ எங்கயும் போவக் கூடாது. பள்ளிக்கொடத்துக்குப் பெர்மிஷன் சொல்லிட்டு மத்தியானமே வந்துடு. வீட்ல இரு, கதவத் தொறந்து வையி." கோயிலுக்குக்கூடப் போகக் கூடாதாம். இவர் பிள்ளையை விரட்டியதற்கு எனக்கு எதற்கு வீட்டுக் காவல்?

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

அக்கா,
சாவித்திரி


சென்னை
9-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அத்தானைக் கட்டாயப்படுத்தியாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ.

ஆட்டோ என் தப்புதான், திட்டு. பேப்பரையும் கேபிளையும் நிறுத்திவிடு. எத்தனை பேர் வந்தார்கள் என்பது முக்கியமில்லை, வந்தவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே தேடினார்கள் என்பதுதான் கணக்கு. பஸ் நிலையக் குரூப்பில் 41 பேர்தான். ஆனால் உருப்படியாகப் பேசியவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். கண்டக்டர்கள், பூக்கடைக்காரர்கள். இருந்தாலும் நாற்பது பேருக்காக அத்தான் இவ்வளவு அலைய வேண்டுமா? உடம்பு தாங்காது. மாதம் ஒரு தடவை போகச் சொல்.

நீ கேட்டதற்குப் பதில்: அவனிடமிருந்து எனக்குப் போன் எதுவும் வரவில்லை.

அத்தான் அவனைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா? கோபம் தணிந்ததா? அதை மட்டும் எழுது.

தம்பி,
செழியன்


நீடாமங்கலம்
13-11-2024

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளி எப்படிப் போயிற்று? குழந்தைக்குப் பட்டாசு பயம் போயிற்றா? இங்கே நாங்கள் கொண்டாடவில்லை. எண்ணெய் மட்டும் தேய்த்துக் குளித்தோம்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதிரசம் இரண்டு டப்பா. ஒன்று உங்களுக்கு. இன்னொன்றைப் பிரிக்காமல் வை, வீட்டுக்கு யாராவது வந்தால் கொடு. எண்ணெய் வடியாமல் இருக்கப் பேப்பர் சுற்றியிருக்கிறேன். உனக்கு ஒரு நீலச் சட்டை. அளவு 38 தான் கிடைத்தது.

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த மனுஷன் கல். மூன்று மாதமாக விஸ்வா என்ற பேரே அவர் வாயில் வரவில்லை. "இன்னிக்கி எத்தினி பேரு சேந்தாங்க?" என்பார், அவ்வளவுதான். ஒரு நாள் பொறுக்காமல், "அவனை வரச் சொல்லி உங்க வாயால ஒரு வார்த்த பேசிக் குடுங்க, ரெக்கார்டு பண்ணி குரூப்ல போடுறேன்" என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

சோதனைக் குரூப் நன்றாக வேலை செய்கிறது. இனிமேல் அதில் நிறைய எழுதலாம் என்றிருக்கிறேன். மற்ற குரூப்பில் எழுத முடியாததைக்கூட. நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இந்தத் தடவை உன்னை நான் எதுவும் கேட்கவில்லை. பனியில் அலையாதே. எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்.

அக்கா,
சாவித்திரி


சென்னை
5-12-2024

அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். இங்கே ஒரே மழை, ஆபீஸிலும் வேலை.

அதிரசம் இரண்டு டப்பாவும் காலி. சட்டை அளவு சரியாக இருந்தது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

செழியன்


நீடாமங்கலம்
18-12-2024

அன்புள்ள செழியனுக்கு,

ஷைலஜா, குழந்தை எல்லாரும் நலமா? உன் கடிதம் ஆறு வரி. ஆறையும் அறுபது தடவை படித்தேன்.

இங்கேயும் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. மோட்டார் கடையில் கூட்டம். தண்ணீர் இறைக்க எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மோட்டார் வேண்டும். அத்தான் நின்றுகொண்டே வேலை பார்த்து, போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மன்னார்குடிக்கு அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்து, அலையக் கூடாது என்றிருக்கிறார் டாக்டர். அடுத்த வெள்ளிக்கிழமையே மழையில் நனையாமல் நோட்டீஸை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போய்விட்டார்.

போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன் செழியா. வாசல் வரை போனேன். சொல்லவில்லை. இட்லிப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தேன்.

அவருக்கு நெஞ்சு வலி என்று குரூப்பில் எழுதினேன். எழுதின கொஞ்ச நேரத்தில் யாரோ பதில் எழுத ஆரம்பித்தார்கள். 'டைப் செய்கிறார்' என்று மேலே வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றுவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அத்தான், "என்னா, எதாவது சேதியா?" என்றார். இல்லை என்றேன்.

பொங்கலுக்கு வா. குடும்பத்தோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, வேறு யாரையாவது அழைத்துக்கொண்டு வந்தாலும் சரி. அக்கா ஒரு கேள்வி கேட்க மாட்டேன். அத்தானையும் கேட்க விட மாட்டேன்.

உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா


சென்னை
22-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. பொங்கப்பானைக்கு முன்னால் என்னைத் திட்டியிருப்பாய். மதுவுக்கு நாலு நாள் கடுமையான காய்ச்சல். பயந்துபோய்விட்டோம். இப்போது பரவாயில்லை. அத்தான் மாத்திரை சாப்பிடுகிறாரா?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் வேண்டாம், நேரில்தான். பஸ் டிக்கெட்கூட எடுத்திருந்தேன் அக்கா. எடுத்த அன்று சாயங்காலம்தான் மதுவுக்கு உடம்பு கொதித்தது. அதில் மனசு விட்டுப்போயிற்று. பிப்ரவரி கடைசியில் நிச்சயம் வருகிறேன்.

அதுவரை அத்தானை எங்கேயும் அனுப்பாதே. அவர் தேடவே வேண்டாம்.

தம்பி,
செழியன்


சென்னை
14-2-2025

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதுவும் தெரியாது.

சனிக்கிழமை நான் காரிலிருந்து விஸ்வாவோடு இறங்கினபோது, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. நீ அவனைக் கட்டிக்கொண்டாய். என்னைத் தாண்டிப் பார்த்தாய். அவன் அத்தானுக்குக் கொள்ளி வைத்து முடித்ததும் நான் கிளம்பிவிட்டேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அவன் போன் பண்ணவில்லை. நேரில் வந்தான். வீட்டை விட்டுப் போன மூன்றாம் நாள், ஒரு பையோடு என் வீட்டு வாசலில் நின்றான். அம்மாவுக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மதுவைத் தூக்கி, அவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினான். "சொன்னீங்கன்னா மாமா, உங்களுக்கும் தெரியாத எடத்துக்குப் போயிடுவேன்" என்றான். மாதவரத்தில் ஒரு பார்சல் குடோனில் வேலை பார்த்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களோடு தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடுவான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பேன், போகலாமா என்று. ஒரே பதில்தான். "கண்ணுல படாதேன்னு சொன்னது அவரு. வான்னு அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், அன்னிக்கே வர்றேன்."

அதற்காகத்தான் அத்தான் ஏதாவது சொல்கிறாரா என்று உன்னைக் கேட்டேன். கல் என்று எழுதினாய். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. உன் எழுத்தையாவது படிக்கட்டும், மனசு இளகட்டும் என்று சோதனைக் குரூப் லிங்கை அவனுக்கு அனுப்பினேன். மற்றவற்றில் ஊரார் இருக்கிறார்கள், அதில் நாம் இருவர்தானே என்று நினைத்தேன். வந்தது யார் என்று நீ கவனிக்கவில்லை என்றும் நினைத்தேன்.

நெஞ்சு வலி என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று என் வீட்டுக்கு ஓடி வந்தான். "அப்பாவுக்கு எப்பிடி மாமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதான். கையைப் பிடித்து இழுத்து அன்றைக்கே பஸ் ஏற்றியிருக்க வேண்டும். பொங்கலுக்குச் சத்தியத்தை மீறிவிடலாம் என்று டிக்கெட் எடுத்தேன். மதுவுக்குக் காய்ச்சல் வந்ததும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். படித்தவன், கம்பெனியில் பத்து பேருக்குப் புத்தி சொல்கிறவன். ஆனாலும் பயந்துவிட்டேன்.

சீர்காழி பஸ் நிலையத்தில் பசை டப்பாவோடு சரிந்து விழுந்தாராம். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா தண்ணீர் கொடுப்பதற்குள் போய்விட்டதாம். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்கும்போதே அவர் அங்கே நின்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடி நான்தான் எடுத்து வர வேண்டும். வரலாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் பெரியப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செழியன்


நீடாமங்கலம்
21-3-2025, வெள்ளி

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

ஷைலஜாவும் குழந்தையும் சுகம்தானே? நானும் விஸ்வாவும் இருக்கிறோம்.

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. ஆனாலும் நீ கருமாதிக்கு வந்தாய், கோடி போட்டாய். நான் புடவையை வாங்கிக்கொண்டேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் பார்க்காததற்குக் காரணம் அது இல்லை.

எனக்குத் தெரியும் செழியா. அக்டோபர் 27-ஆம் தேதியிலிருந்து தெரியும்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், சாயங்காலம் எல்லாக் குரூப்பையும் எண்ணிக்கொண்டு வந்தேன். சோதனைக் குரூப்பில் மூன்று என்று இருந்தது. தப்பாகப் பார்க்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேர் இல்லை, படம் இல்லை, வெறும் நம்பர். லிங்க் வழியாகச் சேர்ந்தார் என்று போட்டிருந்தது. அந்த லிங்க் யாரிடம் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே? எந்த வாசல் வழியாக வந்தான் என்று பார்த்தால் அனுப்பியது யார் என்று தெரியும் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறான், என் தம்பி கண் பார்வையில் இருக்கிறான் என்று அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம், அவனைப் பெற்ற அன்றைக்குக்கூட வரவில்லை.

எதிரில்தான் உட்கார்ந்திருந்தார் உன் அத்தான். "எத்தினி பேரு?" என்று கேட்டார். "புதுசா யாரும் இல்லங்க" என்றேன்.

சொன்னால் அடுத்த பஸ்ஸில் சென்னைக்கு ஓடுவார், சட்டையைப் பிடித்து இழுப்பார், அவன் மறுபடி தெறித்து ஓடுவான் என்று பயம். அந்த மூன்று இரண்டாகிவிடக் கூடாது என்று பயம். நீயாக அழைத்து வருவாய் என்று காத்திருந்தேன். அதிரசம் இரண்டு டப்பா யாருக்கு, 38 அளவுச் சட்டை யாருக்கு? 42 போடுகிற நீ, அளவு சரியாக இருந்தது என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு ஸ்டோர் ரூமில் அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

நீ சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு மறைத்தாய். நான் எதற்குக் கட்டுப்பட்டேன்? பிள்ளை கிடைத்துவிட்டான் என்று தெரிந்த பிறகும் பதினைந்து வெள்ளிக்கிழமை அவரைப் பசை டப்பாவோடு வாசலில் நின்று அனுப்பி வைத்தேன். நெஞ்சு வலி வந்த பிறகும் அனுப்பினேன். கடைசி வெள்ளிக்கிழமையும் இட்லி கட்டிக் கொடுத்தது இந்தக் கைதான். உன்னை என்ன சொல்லித் திட்டுவது? அதனால்தான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விஸ்வா கடையில் உட்கார்கிறான். மூன்று மோட்டார் சுற்றினான், இரண்டு புகைந்தது. வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்வதில்லை. போன வெள்ளிக்கிழமை, "எங்க பாத்தாலும் எம் மூஞ்சி ஒட்டியிருக்கும்மா, போய்க் கிழிச்சிட்டு வர்றேன்" என்று ஒரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். முதலில் சீர்காழிக்குத்தான் போனான். அந்தப் பூக்காரம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் என்றான்.

சாயங்காலம் வந்தவன் ஒரு நோட்டீஸை என் மடியில் வைத்தான். நனைத்து, ஓரம் கிழியாமல் உரித்துக் கொண்டுவந்திருந்தான். உன் கட்டத்துக்குக் கீழே கறுப்பு மார்க்கரில் அவர் கையெழுத்து. மோட்டார் மேல் எழுதுவது மாதிரி பட்டை பட்டையாக.

"விஸ்வா, வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன். வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. அப்பா."

அடுத்தடுத்த நாள் மற்ற ஊர்களிலும் போய்ப் பார்த்தான். கும்பகோணத்தில் இருக்கிறது, திருவாரூரில் இருக்கிறது. வேதாரண்யத்தில் உப்புக் காற்றில் மை வெளுத்திருந்தும் படிக்க முடிகிறதாம். ஒட்டின ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறார். குரூப்பில் நாம் போட்டதெல்லாம் அச்சகத்திலிருந்து வந்த படம். அதில் இது எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவன் அங்கே காத்திருந்தான். அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கண்ணில் படாதே என்று சொல்லிவிட்டார் இல்லையா, அதனால் அவர்தான் கண்ணில் படாமல் போயிருக்கிறார். முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வந்தது அதற்குத்தான். எனக்கு வீட்டுக் காவல் என்று உன்னிடம் குறைப்பட்டேனே. கல் என்று எழுதினேனே.

"வெள்ளிக்கெழம நீ வீட்லதான் இருந்தியாம்மா?" என்று கேட்டான் விஸ்வா. இருந்தேன் என்றேன். "கதவு?" என்றான். திறந்துதான் இருந்தது என்றேன்.

போன் இப்போது என்னிடம்தான். மற்ற குரூப்பையெல்லாம் கலைத்துவிட்டேன். சோதனைக் குரூப்பை வைத்திருக்கிறேன், மூன்று பேரும் அதிலேயே இருப்போம்.

மீதி ஊர்களுக்கு இன்று அவன் போயிருக்கிறான். நான் மத்தியானமே பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். யாருக்காக என்று கேட்காதே, பழகிவிட்டது. நீயும் ஒரு நாள் வா, தம்பி. வெள்ளிக்கிழமை பார்த்து வா. அன்றைக்கு நான் எங்கேயும் போவதில்லை.

உன் அக்கா,
சாவித்திரி